வெளுத்துக்கட்டி

ஜூன் 8, ஞாயிறு

இன்று காலை கீழ்வீட்டில் ஒரு சாவு. இரண்டு பேர் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பிடித்துத் தூக்கி வந்து முருங்கை மரத்தடியில் கிடத்திவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அழ ஒரு நாதி இல்லை. செத்தது எங்கள் வீட்டு ஓனரம்மா தனபாக்கியத்தின் வாஷிங்மெஷின்.

ஆவணியில் அவர் மகனுக்குக் கல்யாணம். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். பின்கட்டில் இத்தனை வருடம் சாக்குப் போர்த்திக் கிடந்த மெஷின் இப்போதுதான் அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. காலமான அவர் வீட்டுக்காரர், நான் பிறப்பதற்கு ரொம்ப முன்னால் வாங்கியதாம். இரட்டைத் தொட்டி. ஒன்றில் துவைக்கும், மற்றதில் பிழியும். அடிப்பக்கம் பூராவும் துரு. மூடியில் ஒரு ஸ்டிக்கர் பூ, அதற்கும் வயதாகிவிட்டது.

"பெரியம்மா, இதை நான் எடுத்துக்கட்டுங்களா?"

"எதுக்கு அம்மிணி? உள்ள உக்காந்து படிக்கறதுக்கா?"

"துவைக்கறதுக்குங்."

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. காயலாங்கடைக்காரன் வந்தா நாய் கொலைச்சே உசுர எடுக்கும். நீயே இழுத்துட்டுப் போயிரு."

வெள்ளையடிக்க வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து, பிணத்தை எங்கள் மாடிக்கு ஏற்ற வைத்தேன். மேலோகம் போகிற பிணம் இது ஒன்றுதான் நான் கண்ணால் பார்த்தது.

ஜூன் 9, திங்கள்

அம்மா நேற்றிலிருந்து திட்டுகிறாள். "ஏற்கெனவே ஒண்ணு படுத்துக் கெடக்குது, இன்னொண்ணையும் கொண்டாந்து படுக்கப் போட்டிருக்கற." முதலில் சொன்ன ஒன்று அப்பா. கட்டிலில் இருந்து அப்பா சிரித்தார். "விடு சுலோ. எனக்கும் பேச்சுத்துணை வேணுமல்ல."

அப்பா சாயப்பட்டறையில் ஏணியிலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது, ஒன்றும் நிற்காது. தினமும் விரிப்பு, வேட்டி, அடித்துணி என்று ஒரு மலை சேரும். அம்மாதான் துவைப்பாள். நான் கை வைத்தால் தள்ளிவிடுவாள். "பன்னெண்டாவது படிக்கற புள்ள. போய்ப் படி. உங்கப்பன் துணி நீ தொடற துணி இல்ல."

அம்மாவுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வெள்ளை பனியன்களை மேஜையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டது எல்லாம் பார்த்து ஒதுக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் இடுக்கெல்லாம் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. போன வாரம் ஒரு பனியனில் ரத்தம். கறை பார்க்க உட்கார்ந்தவளே கறை வைத்தால் எப்படி? சூப்பர்வைசர் தண்டபாணி, "இன்னொரு வாட்டி பாத்தேன்னா உங்கள டேபிள்ல உக்கார வெக்க முடியாதுங்க்கா" என்று சொல்லிவிட்டாராம். டாக்டரோ சோப்புத் தண்ணியில் கை படவே கூடாது என்கிறார். ரப்பர் உறை போட்டால் வேர்த்து இன்னும் வெடிக்கிறது.

ஆக, இந்தப் பிணம் எழுந்து உட்கார்ந்தாக வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 14, சனி

பின்மூடியைக் கழற்றினேன். திருகுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் தேங்காய் எண்ணெய் விட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. உள்ளே எலி குடும்பம் நடத்திய வீடு. குடும்பத் தலைவர் மட்டும் காய்ந்துபோய்க் கிடந்தார். அப்பாவிடம் வாலைப் பிடித்துக் காட்டினேன்.

"கருமம், வீசு அக்கட்ட!"

"உங்களுக்குப் பேச்சுத்துணை வேணும்னீங்களே?"

வாங்கிய திட்டை எழுத இந்த நோட்டு பத்தாது.

ஜூன் 15, ஞாயிறு

ஓனரம்மாவின் கோலப்பொடி டப்பாவில் ரவை கலந்துவிட்டேன். எட்டு மணிக்குள் எறும்புகள் கோலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை தாண்டிவிட்டன. மெஷினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கை சும்மா இருக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

துவைக்கிற தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு இருக்கிறது. அது சுற்றினால்தான் துணி சுற்றும். நடுவில் ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றித் தட்டைத் தூக்கினால் ஊக்கு, சட்டைப் பொத்தான், கொண்டை ஊசி, ஒரு பால் பல். ஓனரம்மா மகனுடைய பல்லாக இருக்கும். கல்யாணப் பரிசாகக் கொடுக்கலாம்.

பெல்ட் பல்லி மாதிரி காய்ந்து வெடித்திருந்தது. காயலாங்கடையில் மூன்று மெஷின்களைக் குடைந்து அளவு சேர்கிற பெல்ட் ஒன்று கண்டுபிடித்தேன். கடைக்காரர், "ஏம்புள்ள, ஊட்ல ஆம்பளைங்க இல்லியா?" என்றார். "இருக்கறாருங்க. படுத்துட்டு மேற்பார்வை பாக்கறாரு."

ஜூலை 6, ஞாயிறு

எழுந்துவிட்டது!

முதலில் 'ம்ம்ம்' என்று மாடு மாதிரி முனகியது. கெப்பாசிட்டரை மாற்றினேன். அப்புறம் உறுமியது. தண்ணீர் ஊற்றிக் குமிழைத் திருப்பினதும் தட்டு சுற்றி, ஒரு நொடி நின்று, மறுபக்கம் சுற்றியது. பிழிகிற தொட்டியைப் போட்டபோது மெஷின் நடக்கவே ஆரம்பித்துவிட்டது. சமையலறையிலிருந்து கட்டில்வரை வந்து, அப்பாவின் காலில் இடித்துக்கொண்டுதான் நின்றது.

"பாத்தியா, இந்தூட்ல எனக்கு முன்னால அது எந்திரிச்சு நடக்குது" என்றார் அப்பா.

மெஷினின் குட்டைக் காலுக்கு அட்டை முட்டுக் கொடுத்தேன். 'வெளுத்துக்கட்டி' என்று பெயர் வைத்தேன். அம்மா முதல் விரிப்பை எடுத்து உதறி, முகர்ந்து பார்த்தாள். உட்கார்ந்து தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அம்மா சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 19, சனி

அம்மா கையில் தோல் மூடிக்கொண்டு வருகிறது. இன்று எலுமிச்சம்பழம் பிழிந்தாள். எரிச்சல் இல்லையாம்! தண்டபாணி, "கை தேவலையாயிருச்சாட்ட இருக்குதுங்க்கா" என்றாராம். அதை இரண்டு தடவை சொன்னாள்.

ஜூலை 23, புதன்

ஓனரம்மா மாடி ஏறி வந்தார். மூட்டு வலிக்காரர், வாடகை நாளுக்குக்கூட ஏறாதவர். வெளுத்துக்கட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் மூடிமேல் கை வைத்து நின்றார்.

"இது எங்க அவரு வாங்குன சாமான் சுலோ. கீழ படுத்திருந்தா சத்தங் கேக்குது. அவரே ஊட்ல இருக்கறாப்பல இருக்குது. நேத்துக் கனவுல வந்து கேக்கறாரு, என்ற மெஷின் எங்கடீன்னு."

"கனவு வரைக்கும் வந்தவரு அப்படியே மாடிக்கும் வந்து எங்கிட்டக் கேட்டிருக்கலாமுங்களே, பெரியம்மா?" என்றேன்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நன்றாகக் கிள்ளுகிறாள். கை ஆறிவிட்டதல்லவா.

"எடுத்துக்கோன்னு நீங்கதான சொன்னீங்க?"

"எடுத்து வெச்சுக்கோன்னு சொன்னேன். உனக்குன்னா சொன்னேன்? கல்யாண ஊடு, நூறு துணி கெடக்குது. சுலோ, உன்ற புள்ளைக்கு வாய் நீளம். படுத்த ஆள வெச்சுட்டு இருக்கறவங்களுக்கு இந்த ஊர்ல யாரும் ஊடு குடுக்க மாட்டாங்க. நான் குடுத்தேன்."

அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எடுத்துக்கங்கக்கா."

அந்த இரண்டு பேரே வந்தார்கள். இந்தத் தடவை மோர் கேட்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. அட்டை முட்டு மட்டும் தரையில் கிடக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

விரிப்புகள் தினமும் துவைத்துக் காய்கின்றன. எப்போது துவைக்கிறாய் என்றால், "நீ தூங்கறப்பவே முடிச்சுட்டேன்" என்கிறாள் அம்மா. கை மட்டும் மறுபடி வெடிக்கவில்லை. நல்ல களிம்பு போல.

ஓனரம்மாவுக்குப் பூப்பறித்துக் கொடுக்க விடிந்தும் விடியாமல் கீழே போய்விடுகிறாள். கம்பெனி லீவு நாளில் அரைநாள் போய்விடுகிறது. அப்படி என்ன பூ, மலைத்தோட்டத்துப் பூவா? எனக்குப் பிடிக்கவில்லை. அடித்த கைக்கே பூப்பறித்துக் கொடுக்கிற ஜென்மம்.

படியில் ஓனரம்மாவைப் பார்த்தேன். "மெஷினு ஜம்முனு ஓடுது அம்மிணி" என்று சிரிக்கிறார். நானும் சிரித்தேன். என் சிரிப்பின் அர்த்தம் அடுத்த சனிக்கிழமை தெரியும்.

ஆகஸ்ட் 9, சனி

கல்யாணச் சீர் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்பா பட்டறையிலிருந்து கொண்டுவந்த சாம்பிள் சாயத் தூள் பரணில் ஒரு டப்பா இருக்கிறது. எம் ஃபைவ் பி சிவப்பு. ஒரு சிட்டிகை போதும், ஒரு வாளியே குங்குமம். ஓனரம்மா பத்திரிகை வைக்க ஈரோடு போயிருந்தார். பின்கட்டுக்குள் போய், மெஷின் தட்டின் திருகைக் கழற்றி, அடியில் தாராளமாகத் தூவி, மறுபடி மூடினேன். காய்ந்து கிடக்கிற தூள் யார் கண்ணுக்கும் தெரியாது. தண்ணீர் பட்டதும் ஓனரம்மாவின் வெள்ளை ரவிக்கைகள் எல்லாம் ரோஜாப்பூ!

கெட்டவள் இல்லை நான். உப்பும் சோடாவும் சேராமல் சாயம் துணியைப் பிடிக்காது. பட்டறைக்காரர் மகளுக்கு இது தெரியாதா? நாலு தண்ணீரில் அலசினால் போய்விடும். அந்த நாலு தண்ணீர் வரைக்கும் ஓனரம்மா அலறட்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் கீழே ஒரு சத்தம் கேட்டது. நான் எதிர்பார்த்த குரல் இல்லை.

ஓடினேன். பின்கட்டில் அம்மா மட்டும் நின்றாள். ஓனரம்மா அவினாசிக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தார். அம்மா முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு வேட்டி வேட்டியாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சிவப்பு.

"அம்மா! நீ எதுக்கு இங்க?"

"பின்ன யாரு? அவங்களுக்கு இந்த மெஷினப் போடத் தெரியுமா? தினமும் அவங்க துணியப் போட்டுக் குடுத்துட்டு, அப்பா விரிப்பையும் இதுலயே போட்டுக்கறேன். உங்கிட்டச் சொன்னா நீ குதிப்பே."

மெஷின் வைத்திருக்கிறவர் வேறு, துவைக்கிறவர் வேறு. இது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறேன்.

வேட்டிகள் ஓனரம்மா வீட்டுக்காரருடையவை. பெட்டியில் வைத்துப் பழுப்பேறியவற்றைக் கல்யாணத்தன்று மகன் கட்டவேண்டும் என்று துவைக்கக் கொடுத்திருக்கிறார். ஜரிகைக் கரை போட்டவை. செத்தவரிடம் போய் வேறு கேட்டு வாங்க முடியாது.

நாலு தண்ணீரில் அலசினோம். ஐந்து, ஆறு. தண்ணீர் தெளிந்தது, வேட்டி தெளியவில்லை. அம்மா அதை மேலே எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினாள். அப்பா ஓரத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"எம் ஃபைவ் பி. பச்சத் தண்ணிக்கே புடிக்கற சாயம். இது எப்படி...?"

"சோடா போடாம எப்படிப்பா புடிக்கும்? சோடா போடவே இல்லியே!"

"சோப்புத் தூள்ல பின்ன என்ன இருக்குது, சக்கரையா? பாதி சோடாதான்."

சொல்லிவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்ப முடிவது அது ஒன்றுதான்.

அம்மா ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினாள். டப்பாவை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். தெருச் சாக்கடை கோயில் திருவிழா மாதிரி ஓடியது.

அப்புறம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, வேட்டியை முக்கி, கசக்கி, மறுபடி முக்கி. மூக்கில் நெடி ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. உறை போட்டாள், முதல் வேட்டியிலேயே அது கிழிந்தது. வெறும் கையால் கசக்கினாள்.

"நான் பண்றேம்மா."

"நீ தொடாத."

அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை. பொழுது சாயும்வரை கசக்கினாள். சாயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது. ஜரிகை கறுத்தது. வாளித் தண்ணீர் கடைசிவரை சிவப்பாகவே இருந்தது. சாயம் போன பிறகும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பள்ளிக்கூடம் போனேன். கணக்கு டெஸ்ட்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஓனரம்மா எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். வேட்டிகள் அவர் மடியில் கிடந்தன. கரை கறுத்து, அங்கங்கே நைந்து, விரல் வைத்தால் கிழிந்தன.

"எப்படி ஆச்சு சுலோ?"

"என்ற பாவாடை ஒண்ண மறதியாச் சேத்துப் போட்டுட்டனுங்க்கா. சாயம் போயிருச்சு. சாயத்த எடுக்கறேன்னு பிளீச்சிங்ல ரொம்ப ஊறப் போட்டுட்டேன்."

அம்மாவிடம் சிவப்புப் பாவாடையே கிடையாது.

"என்ற வேட்டியோட உன்ற பாவாடையா? எங்க அவரு வேட்டியோட?" ஓனரம்மா என் பக்கம் திரும்பினார். "ஏம்புள்ள, நெசமா?"

என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய் நிற்கும். "நெசந்தானுங்க பெரியம்மா. நான்கூடச் சொன்னேன், அந்தப் பாவாடையச் சேத்தாதேன்னு. அம்மாதான் கேக்கல. அவளுக்கு அது ரொம்பப் பிடிச்ச பாவாடை."

ஏன் அவ்வளவு சொன்னேன் என்று தெரியவில்லை. 'ஆமாங்க' என்றாலே போதும்.

அம்மா கீழே விழுந்து அவர் காலைத் தொட்டாள். விரல் மடங்கவில்லை. மணிக்கட்டால் தொட்டாள். ஓனரம்மா சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசைப்பட்டது உண்டு.

"என்ற கால்ல ரத்தம் படுது, எந்திரி" என்றார்.

ஆகஸ்ட் 16, சனி

வெளுத்துக்கட்டி மறுபடி முருங்கை மரத்தடியில். "கல்யாணச் சமயத்துல அபசகுனம். இது இனி என்ற கண்ணுல படக்கூடாது. நீங்களே கொண்டு போயிருங்க" என்றார் ஓனரம்மா. வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. கல்யாண வீடு, யார் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்ளக் கூடாதாம்.

மெஷின் மாடிக்கு வந்துவிட்டது. தட்டைக் கழற்றி நன்றாகக் கழுவினேன். முட்டுக் கொடுத்தேன். நன்றாக ஓடுகிறது. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

அம்மாவுக்கு இரண்டு கையிலும் கட்டு. சீழ் வைத்திருக்கிறது. சோறு நான் ஊட்டுகிறேன். அப்பாவுக்கு ஒரு வாய், அம்மாவுக்கு ஒரு வாய். 'காக்காய்க்கு ஒரு வாய்' என்று ஜோக் அடித்துப் பார்த்தேன். அப்பா வாயைத் திறந்தார், சோற்றுக்கு.

அம்மா இன்னும் என்னிடம் பேசவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கம்பெனியிலிருந்து தண்டபாணி வந்தார். நல்ல மனிதர், ஆரஞ்சுப்பழம் வாங்கி வந்திருந்தார். அம்மா கையைப் பார்த்ததும் பார்வையை ஆரஞ்சுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஷிப்மெண்ட் டைமுங்க்கா. டேபிளச் சும்மா வெக்க முடியாது. ஆறி வர்ற வரைக்கும் வேற ஆளப் போடச் சொல்லிட்டாங்க. அப்புறம் வந்தாலும், இந்தக் கையோட வெள்ள பீஸத் தொட விடுவாங்களான்னு..."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளுத்துக்கட்டி அவருடைய விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தது. ரொம்பச் சத்தமாக இருந்ததால் நிறுத்தினேன். நிறுத்தினதும், நிறுத்தியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"நிரஞ்சனா, இங்க வா" என்றாள் அம்மா.

பதினான்கு நாள் கழித்து என் பெயரைச் சொல்கிறாள். நிரு என்று கூப்பிடவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"கையக் காட்டு."

நீட்டினேன். அம்மா தன் கட்டுப்போட்ட கையால் என் கையை அடியில் தாங்கி, தண்டபாணியின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். மணிக்கட்டால் தள்ளிப் புறங்கையைத் திருப்பினாள். மறுபடி உள்ளங்கையைத் திருப்பினாள். துணியில் ஓட்டை பார்ப்பது போல ஒவ்வொரு விரலாகப் பார்க்க வைத்தாள்.

"பாருங்க தம்பி" என்றாள். "ஒரு கீறல் இல்லீங்க."